சாணம் யாருடையது? மண் யாருடையது?

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கேகாலை மாவட்டத்தில், பாதி தேயிலையும் பாதி இறப்பருமாகப் பரந்து கிடக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அதே தோட்டத்திலிருந்து வெளிநாடு சென்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தொகையைத் திரட்டியிருக்கிறார்கள். தாங்கள் பிறந்த லயத்துக்குச் சாண எரிவாயுத் திட்டம் ஒன்றை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களது விருப்பம். "மாடு இருக்கிறது. சாணம் இருக்கிறது. எங்கள் தாய்மார் விறகுப் புகையில் இருமி இருமியே செத்தார்கள். இன்னும் என்ன வேண்டும்? ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்.

இன்னும் என்ன வேண்டும் என்ற கேள்விதான் என்னைப் போக வைத்தது. செய்தியாளனாக அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பல தடவை போயிருக்கிறேன். பெரும்பாலும் வேலைநிறுத்தம், இல்லாவிட்டால் மண்சரிவு. மாட்டுப் பட்டியைப் பார்ப்பதற்கென்றே போனது இதுதான் முதல் தடவை. தோட்டத்தின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகல வரையும், அங்கிருந்து இரத்தினபுரி மாவட்டத்தின் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை வரையும் உள்ள எந்தத் தோட்டத்துக்கும் இது பொருந்தக்கூடிய கதைதான்.

முதலில் சாதகமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். சாணத்தை எரிவாயுவாக மாற்றுபவை காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள். 35 பாகை வெப்பம் கிடைத்தால் அவை உற்சாகமாக வேலை செய்யும். 15 பாகைக்குக் கீழே சோம்பிவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. இரத்தினபுரியிலோ அது 27 பாகை. ஆகவே மலையகத்தில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகவும் இசைவான இடம் சப்பிரகமுவதான். மழையும் ஊற்றும் உள்ள பூமியாதலால் சாணத்தைக் கரைக்கத் தண்ணீருக்கும் பெரும்பாலும் குறைவில்லை.

அடுத்தது கணக்கு. நான் பார்த்த லயத்தில் பன்னிரண்டு வீடுகள். மாடு வைத்திருப்பவை மூன்று வீடுகள். மொத்தம் ஐந்து மாடுகள். பட்டியில் கட்டிப் புல் போட்டு வளர்க்கும் மாடு ஒன்று நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ. ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 0.036 கனமீற்றர் வாயு கிடைக்கும். ஐம்பது கிலோவுக்கு 1.8 கனமீற்றர். ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்கு 0.3 கனமீற்றர் வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1.5 கனமீற்றர்.

ஆக, ஐந்து மாடுகளின் சாணத்தில் ஒரு வீட்டு அடுப்பு எரியும். மிஞ்சுவதில் இன்னொரு வீட்டில் தேநீர் வைக்கலாம். பன்னிரண்டு வீட்டுக்கும் சமைக்க வேண்டுமானால் ஐம்பது மாடுகள் வேண்டும். அவற்றுக்குப் புல் எங்கே? பட்டி போட இடம் எங்கே? பெரும் கனவுடன் அனுப்பப்பட்ட மின்னஞ்சலுக்குப் பெருக்கல் கணக்கு சொன்ன விடை இது. நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இதே கணக்கில் இடறி, பிறகு நிமிர்ந்த ஊர் ஒன்று உண்டு. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், குனிகல் வட்டத்தில் உள்ள புரா என்னும் சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அஸ்த்ரா என்ற பெயரில் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றைத் தொடங்கிய பேராசிரியர் அமுல்யா ரெட்டியும் அவரது சகாக்களும் அந்த ஊரில் பல்லாண்டுகள் பணியாற்றினார்கள். ஊருக்குப் பொதுவான சாண எரிவாயு நிலையத்தை அமைத்து எல்லா வீட்டு அடுப்புகளையும் எரிய வைப்பதே அவர்களுடைய முதல் எண்ணமாக இருந்தது. சாணம் போதவில்லை. அந்த முயற்சி நிலைக்கவில்லை. பிறகு ஊர் மக்களிடமே, உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று பேசினார்கள். குடிதண்ணீர் வேண்டும் என்று விடை வந்தது. 1987 முதல் அந்த வாயுவைக் கொண்டு ஓர் இயந்திரத்தை இயக்கினார்கள். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தது, இரவில் விளக்கும் எரிந்தது. அடுப்பை எரிக்கப் போதாத அதே சாணம் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் போதுமானதாக இருந்தது.

அங்கு நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. சாணத்தை ஊருக்கென்று தானமாகக் கேட்கவில்லை. கொண்டுவந்த சாணத்தை நிறுத்து, கிலோவுக்கு இரண்டு பைசா கொடுத்தார்கள். வாயு போன பின் எஞ்சும் கழிவையும் கொண்டுவந்த அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுத்தார்கள். சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இரண்டு பைசா பெரிய தொகையல்லதான். ஆனாலும் சாணத்துக்கு ஓர் உரிமையாளர் உண்டு, சுமப்பதற்கு ஒரு கூலி உண்டு என்பதை அந்தத் தராசு நாள்தோறும் நினைவூட்டியது. அந்த நிலையமும் பின்னாளில் நின்றுபோனது. அதிலிருந்து கற்ற பாடங்களை ரெட்டி 2004இல் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். 2006இல் மறைந்தார். பொதுத் திட்டம் எதையும் தொடங்குவோர் அவர் எழுதியதைத் தேடிப் படிப்பது நல்லது.

மீண்டும் நம் லயத்துக்கு வருவோம். மாடு வைத்திருக்கும் அம்மா ஒருவரிடம் இந்தத் திட்டத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஐயா, எங்க மாட்டுச் சாணியில லயமே சமைக்கிறது நல்லதுதான். ஆனா எங்க மொளகாத் தோட்டத்துக்கு நான் எதப் போடுறது? சாணிய யாரு அள்ளுறது, யாரு கரைக்கிறது? காலையில பெரட்டுக்குப் போகணும். அந்தியில வந்து புல்லு அறுக்கணும். இதையும் எங்க தலையிலயே வப்பீங்களா?"

கூட்டம் போட்டு விளக்கும் அதிகாரிகள் பலரிடம் நான் கேட்டிராத கூர்மை அந்தக் கேள்வியில் இருந்தது. ஐம்பது கிலோ சாணத்துடன் ஐம்பது லீற்றர் தண்ணீர் சேர்த்து, கட்டியில்லாமல் கரைத்து, கல்லும் வைக்கோலும் நீக்கி, நாள்தோறும் ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் அந்த நுண்ணுயிர்களுக்குத் தெரியாது. எட்டு மணிக்குள் மலையில் நிற்க வேண்டிய ஒரு பெண்ணின் விடியற்காலையில் இது குறைந்தது முக்கால் மணி நேரம். விறகு பொறுக்கும் நேரம் மிச்சமாகும் என்று திட்ட அறிக்கைகள் எழுதும். மிச்சம் பன்னிரண்டு வீட்டுக்கு, உழைப்பு மூன்று வீட்டுக்கு என்றால் அந்தத் திட்டம் எத்தனை நாள் ஓடும்?

அவரது முதல் கேள்விக்கு நல்ல விடை உண்டு. வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமப் பொருள்தான். தழைச்சத்து கழிவிலேயே தங்கிவிடுகிறது, அதுவும் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில். ஆகவே கழிவு அவருக்குத் திரும்பி வந்தால் மிளகாய்த் தோட்டத்துக்கு நட்டமில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் தடைசெய்ததையும் அதன் விளைவையும் தோட்டத்து மக்கள் மறக்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக் கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த நாட்களில் ஒரு சாக்குச் சாணத்தின் பெறுமதி என்னவென்று அந்த அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு விடை பணம்தான். கரைப்பவருக்கு மாதச் சம்பளம். அதை யார் கொடுப்பது என்பது வாயுவை யார் பயன்படுத்துவது என்பதோடு சேர்ந்த விடயம்.

பெண்கள் ஏழெட்டுப் பேர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோது ஒருவர் சொன்னதுதான் வழியைத் திறந்தது: "ஒரு வீட்டுக்குக் கொடுத்தா சண்ட வரும். புள்ள மடுவத்துக்குக் கொடுங்க. எல்லா வீட்டுப் புள்ளயும் அங்கதானே கெடக்கு." மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளை மடுவம். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. மக்கள் வாயில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. 1.8 கனமீற்றர் வாயுவில் ஓர் அடுப்பு நான்கு மணி நேரம் எரியும். குழந்தைகளுக்குப் பால் காய்ச்சவும், கஞ்சி வைக்கவும், மதியச் சோறு பொங்கவும் அது தாராளம். மாதக் கணக்கில் பார்த்தால் 12.5 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சமம். 2022 ஏப்ரலில் அந்தச் சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாயாக ஏறியது. விலை கொடுத்தும் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டருடன் மக்கள் வீதியோரத்தில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். அப்படி ஒரு காலம் திரும்பவும் வந்தால் பிள்ளை மடுவத்து அடுப்பாவது அணையாது.

சரி, லயத்து அடுப்புகளின் புகை? நண்பரின் மனத்தில் இருந்தது அந்தப் புகைதானே. அதற்கு எரிவாயுவை விடச் சிறிய தீர்வு இருக்கிறது. விறகைச் சிக்கனமாக எரிக்கும் அனகி என்ற களிமண் அடுப்பு 1980களிலேயே இலங்கையில் உருவாகி, கிராமங்களில் பெருமளவு பரவியது. அந்த அடுப்பும், அதற்கு மேலே ஒழுங்கான ஒரு புகைபோக்கியும் பன்னிரண்டு வீட்டுக்கும் போட்டுக் கொடுக்கலாம். நிழற்படத்தில் எடுத்துக் காட்டக் கூடிய பெரிய காரியமாக அது இருக்காது. ஆனால் இருமல் குறையும்.

இதுவரை சொன்னது சாணத்தைப் பற்றி. இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்குதான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

கிராமத்து விவசாயி சாண எரிவாயுத் தொட்டி கட்ட நினைத்தால் தன் வளவில் குழி வெட்டுவார். லயத்துக் குடும்பத்துக்கு வளவு கிடையாது. அவர்கள் வாழும் அறையும், வாசலும், மாட்டுப் பட்டி நிற்கும் துண்டு நிலமும் அவர்களுடையவை அல்ல. 1970களில் தேசியமயமான தோட்டக் காணிகளின் நிருவாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. காணி அரசுடையது, கம்பனிகளிடம் இருப்பது 53 ஆண்டுக் குத்தகை. அது 2045இல் முடிகிறது. நன்றாகக் கட்டிய ஒரு தொட்டியின் ஆயுள் இருபது ஆண்டுகள். தொட்டியின் ஆயுளும் குத்தகையில் மிச்சமுள்ள காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாட்டுப் பட்டியைக் கழற்றி வேறிடத்தில் போடலாம். செங்கல்லும் சீமெந்துமாக நிலத்துக்குள் இறக்கிய தொட்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது. கொடுத்தவர் யாராக இருந்தாலும் அது நின்ற மண்ணோடு போய்விடும்.

தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் தருவதாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு போக, ஒரு பட்டிக்கும் சிறு தொட்டிக்கும் அதில் இடமிருக்கும். உறுதிப் பத்திரம் கையில் உள்ள குடும்பம் தானே முடிவெடுத்துத் தன் பணத்தையும் போடும். நேபாளத்தில் 1992இல் தொடங்கிய சாண எரிவாயு ஆதரவுத் திட்டம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்ததற்கு ஒரு காரணம், அங்கு தொட்டி விவசாயியின் சொந்த நிலத்தில், சொந்தப் பொறுப்பில் நின்றது. கட்டிய நிறுவனம் உத்தரவாதம் கொடுத்து, திரும்பி வந்து பழுது பார்க்கவும் வேண்டியிருந்தது. லயத்தில் வாழ்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட இன்று தானாகக் கிடைப்பதில்லை. எழுத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவின் களுப்பான தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலை மாவட்டங்களெங்கும் அதே அழிவைப் பெரிய அளவில் செய்துவிட்டுப் போனது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் சரிவில், லயத்தின் பின்புறத்து மண்ணை வெட்டிக் குழி தோண்டுவது விளையாட்டல்ல. நாள்தோறும் நூறு லீற்றர் கரைசல் போனால், அதை ஐம்பது நாள் வைத்திருக்க ஐயாயிரம் லீற்றர் கொள்ளளவு வேண்டும். வாயுவுக்கும் இடம் சேர்த்தால் ஆறு முதல் எட்டுக் கனமீற்றர். அவ்வளவு பெரிய குழிக்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. வெளியேறும் நூறு லீற்றர் கழிவும் சரிவில் ஊறி இறங்காமல், தோட்டப் பாத்திக்கு வாய்க்காலில் போக வேண்டும்.

மழையைப் பற்றி இன்னொரு சொல். பட்டியின் கூரை ஒழுகினால், மழைநீர் சாணத்தோடு சேர்ந்து தொட்டிக்குள் போகும். கரைசல் நீர்த்து, நுண்ணுயிர்களுக்குப் போதிய நாள் கிடைக்காமலே வெளியேறிவிடும். ஆதலால் தொட்டிக்கு முன் பட்டியின் கூரையும் சீமெந்துத் தரையும் சரியாக வேண்டும். இந்தியாவில் பரவிய மிதக்கும் இரும்பு மூடி இந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். நிலத்துக்குள் இறக்கும் குவிமாடமே இங்கு ஏற்றது. ஆனால் குவிமாடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு நிற்காது. அனுபவமுள்ள மேசன் ஒருவரைத் தேடிப் பிடிப்பது திட்டத்தின் பாதி வேலை.

"வெடிக்காதா ஐயா?" என்று பலர் கேட்டார்கள். 2021 நவம்பரில் நாடெங்கும் சிலிண்டர்கள் வெடித்த செய்தி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. சாண எரிவாயு மிகக் குறைந்த அழுத்தத்தில் வருவது. அதன் முக்கிய பாகமான மீதேன் காற்றை விட இலேசானது. சிலிண்டர் வாயுவைப் போலத் தரையோடு தேங்குவதில்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. குழாய் கசிந்தால் தீப்பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, துப்புரவாக்கவென்று தொட்டிக்குள் இறங்குவது. உள்ளே மூச்சுவிடக் காற்று இராது. நச்சு வாயு இருக்கும். ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். எவரும் எக்காலத்திலும் உள்ளே இறங்கலாகாது என்பதைத் தொட்டியின் மேலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பேசியபின், கோயில் திண்ணையிலேயே ஒரு தாளில் எழுதினோம். சாணம் கொடுக்கும் மூன்று வீட்டாருக்கும் நிறுத்துப் பணம்; கழிவில் அவரவர் பங்கு அவரவருக்கு. நாள்தோறும் கரைத்து ஊற்றுபவருக்கு மாதச் சம்பளம், வெளிநாட்டு நண்பர்கள் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு அதன் வட்டியிலிருந்து. வாயு பிள்ளை மடுவத்துக்கு. மற்ற வீடுகளுக்கு அடுப்பும் புகைபோக்கியும். தொட்டி நிற்கும் துண்டு நிலத்தைக் குத்தகைக் காலம் முடியும் வரை இந்தத் தேவைக்கு ஒதுக்குவதாகவும், நிருவாகம் கைமாறினாலும் அது செல்லும் என்றும் தோட்டத்திடம் எழுத்து மூலமான உறுதி. கணக்கைப் பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு. அதில் மூவர் பெண்கள். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நானல்ல, மிளகாய்த் தோட்டத்து அம்மா.

கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. பணம் வங்கியில் இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் குழியையாவது வெட்டத் தொடங்கலாமே என்று நண்பர்களில் ஒருவர் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாணத்தைச் சுமப்பவரின் பெயரும் மண்ணைத் தருபவரின் கையெழுத்தும் ஒரே தாளில் வரட்டும். அதன் பிறகு மேசனைக் கூப்பிடலாம்.